சர்க்கரைத் தண்ணீரும் சொந்தப் பாட்டும்

இந்தத் தடவை பென்ஷன் நிலுவையும் இல்லை, பழைய தெருப் பெயர்களும் இல்லை. சொந்தமாகப் பாட்டு கட்டுகிற பிள்ளைகளைப் பற்றி எழுதப் போகிறேன். பேண்டு, கிட்டார் என்றதுமே உங்களில் பாதிப் பேர் பக்கத்தை மூடிவிடுவீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இதில் நம் ஊர் விஷயம் இருக்கிறது, காசு விஷயமும் இருக்கிறது. காசு விஷயம் என்றால் ஓய்வுபெற்ற குமாஸ்தா பேச்சைக் காது கொடுத்துக் கேட்கலாம், தப்பில்லை.

கடற்கரைச் சாலையில் சாயங்கால நடையை முடித்துவிட்டு உட்கார்ந்து பேசுகிற எங்கள் கோஷ்டியை உங்களில் சிலருக்குத் தெரியும். சென்ற மாதம் அங்கே ஒரு சண்டை. எங்களில் ஒருவர், பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர், பேரன் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போய் வந்திருந்தார். "சாவு வீட்டு மோளத்தையும் சாராயக்கடைக் கானாவையும் கிட்டாரோடு கட்டிவைத்துவிட்டு பேண்டு என்கிறான்கள் சார். நம்ம காலத்தில் இதையெல்லாம் வாசலில் நிறுத்திக் கேட்போமா?" என்றார். "நம்ம காலத்தில் வாசலுக்கு வெளியேதானே நிறுத்தி வைத்திருந்தோம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் பேச்சை சர்க்கரை மாத்திரை பக்கம் திருப்பிவிட்டார்.

அவர் பார்த்தது 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்கிற சென்னைக் குழுவின் வீடியோ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இவர்கள் முதல் கச்சேரி நடந்தது. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்கிற இசைக்காரரின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உண்டாக்கிய குழு. மேடையில் பத்தொன்பது பேர். அதில் ஒரே ஒரு பெண், இசைவாணி. பறை, சட்டி, கட்ட மோளம் ஒரு பக்கம். எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ் இன்னொரு பக்கம். வடசென்னைக் கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே பாட்டில் வரும். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்கள் என்று நாம் பேப்பரில் படித்துவிட்டுத் திருப்பிவிடுகிற விஷயங்களைத்தான் பாடுகிறார்கள். குழுவின் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை 1907-இல் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் 'சாதிபேதமற்ற' என்று ஒரு சொல்லைப் புழங்கினார். அதுதான் நூறு வருஷம் கழித்து இங்கிலீஷ் உடுப்புப் போட்டுக்கொண்டு மேடை ஏறியிருக்கிறது.

நண்பர் கொதித்ததில் ஒரு நியாயம் உண்டு என்று யாராவது சொல்லலாம். பறை என்றால் நமக்குச் சாவுதான் ஞாபகம் வருகிறது. வரத்தான் செய்யும், வேறு எதற்கும் அதை உள்ளே கூப்பிட்டதில்லையே. நம் ஊரைப் பெரிய வாய்க்கால் வெள்ளை ஊர், கறுப்பு ஊர் என்று இரண்டாகப் பிரித்தது என்று டூரிஸ்ட் கைடு வரைக்கும் சொல்கிறார்கள். கறுப்பு ஊருக்குள் எத்தனை வாய்க்கால் ஓடியது என்று யாரும் சொல்வதில்லை. வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி, செட்டித் தெரு என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிற ஊர் இது. எந்த ஊர்வலம் எந்தத் தெருவில் எந்த வாத்தியத்தோடு போகலாம் என்பதற்கு பிரெஞ்சு கவர்னரிடம் பிராது கொண்டுபோன பரம்பரை நாம். பறைக்கு அந்தத் தெருக்களில் என்ன இடம் இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதற்கு ஒரு துணைக்கதை ரேயூனியோன் தீவிலிருந்து சொல்லலாம். நம் ஊரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கூலிகளை ஏற்றிக்கொண்டுபோன தீவு. உங்கள் வீட்டிலேயே யாராவது போயிருப்பார்கள். அங்கே மலோயா என்று ஒரு பாட்டு வகை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் அடிமைகளின் பாட்டு; பின்னால் கரும்புக் காட்டுக்கு வந்த நம் ஆட்களின் தாளமும் அதில் கலந்தது. ரொம்ப காலம் அதிகாரிகளுக்கு அது ஆகாது. கம்யூனிஸ்டு கட்சிக்காரர்கள்தான் 1976-இல் அதை இசைத்தட்டாகக் கொண்டுவந்தார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் கூலிக்கொட்டகைச் சத்தம் உலகச் சொத்தாகிவிட்டது. கல்வே பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ரேயூனியோன் பூகோளப் பாடத்தில் வந்தது. எரிமலை எத்தனை மீட்டர் என்று கேட்பார்கள், கூலியைப் பற்றி ஒரு வரி இருந்ததாக ஞாபகமில்லை.

சரி, பேண்டு விஷயத்துக்கு வருகிறேன். இப்படிச் சினிமாக் கம்பெனியின் தயவில்லாமல் சொந்தப் பாட்டு, சொந்தக் கச்சேரி என்று நிற்பவர்களை இப்போது 'இண்டி' என்கிறார்கள். இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். எங்கள் கோஷ்டியில் ஒருவர் அதை இந்தி என்று காதில் வாங்கிக்கொண்டு, திணிப்பு எதிர்ப்பில் இறங்கிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தக் கால் மணி நேரம் ஆயிற்று.

பெயர் புதிது. தொழில் பழையது. பாவலர் வரதராஜனை உங்களுக்கு நினைவிருக்கும். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு தம்பிகளோடு ஊர் ஊராகப் போய்க் கட்சி மேடையில் சொந்தமாகக் கட்டிய பாட்டைப் பாடியவர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் மலைத் தோட்டத் தொழிலாளிகள் நடுவில் அவர் பாட்டு எப்படி எடுபட்டது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் 1976-இல் 'அன்னக்கிளி'யில் இளையராஜாவாக வந்து நின்றார். நாம் ஏதோ அவர் வானத்திலிருந்து இறங்கியதுபோலப் பேசுகிறோம். அதற்கு முன்னால் எத்தனை திடல், எத்தனை பெட்ரோமாக்ஸ் விளக்கு, எத்தனை தூக்கக்கலக்கமான கூட்டம்!

இங்கிலாந்திலும் அதே கதைதான். பீட்டில்ஸ் லிவர்பூலில் காவர்ன் என்கிற நிலவறையில் ஏறத்தாழ முந்நூறு தடவை வாசித்த பிறகுதான் உலகம் அவர்களைக் கேட்டது. நம் பிள்ளைகள் காலத்துக்கு வந்தால் ஷெஃபீல்டு பையன்கள் நாலு பேர், ஆர்க்டிக் மங்கீஸ் என்று பெயர். கச்சேரிக்கு வந்தவர்களுக்குத் தங்கள் பாட்டை சி.டி.யில் பதிந்து சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டார்கள். 2006 ஜனவரியில் முதல் ஆல்பம் வந்தபோது ஒரே வாரத்தில் மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் விற்றது. அதுவரை பிரிட்டனில் எந்தக் குழுவின் முதல் ஆல்பமும் அந்த வேகத்தில் விற்றதில்லை. பேரப்பிள்ளைகள் இதைச் சொன்னால் இன்டர்நெட் செய்த மாயம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சி.டி.யை வாங்கிக்கொண்டு போகிறதற்கு முதலில் அறுபது எழுபது பேர் ஒரு சின்ன ஹாலில் வந்து நின்றார்களே, அந்த ஹால் செய்த வேலை அது. அந்த மாதிரிச் சின்ன ஹால்கள் அங்கேயும் இப்போது மூடிக்கொண்டே வருகின்றன. வாடகை, கரண்டு பில், பக்கத்து ஃபிளாட்காரன் புகார். பெரிய ஸ்டேடியம் கச்சேரி டிக்கெட்டில் ஆளுக்கு ஒரு பவுன் எடுத்துச் சின்ன ஹால்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அங்கே பேச்சு நடந்து, 2024-இல் அரசாங்கமே அதை ஆதரித்தது. மரம் வேண்டுமானால் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இனி காசு. காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அறிவு என்கிற இளைஞர் அரக்கோணம் பக்கத்துக்காரர். 2021 மார்ச்சில் 'எஞ்ஜாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, தீயும் அறிவும் பாடியது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட ஒலித்திருக்கும். நாற்பது கோடித் தடவைக்கு மேல் அதைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்குள் இருப்பது அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஆனபோது ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டதே, அந்தக் கணக்கில் வந்த எத்தனையோ குடும்பங்களின் கதை அது. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பெரியவர்கள் அந்த எண்ணிக்கையைப் பேப்பரில் வாய்விட்டுப் படித்தது காதில் விழுந்தது. எண்ணிக்கைக்குள் ஒரு பாட்டி இருந்தது அறுபது வருஷம் கழித்துப் பாட்டில்தான் தெரிகிறது.

பாட்டு ஓடியதும் தகராறும் வந்தது. 2021-இல் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை. அடுத்த வருஷம் ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டைப் பாடியபோது மேடையில் அவர் இல்லை, வெளிநாட்டில் இருந்தார். எழுதியதும் மெட்டமைத்ததும் நான் என்று அவர் எழுத, மற்ற இருவரும் தங்கள் பங்கைச் சொல்ல, ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இது பெரிசில்லை, கூட்டுத்தொழிலில் வருகிற சண்டை. எனக்குத் தூக்கம் கெட்டது 2024 மார்ச்சில். மூன்று வருஷம் ஆகியும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் இந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோவில் சொன்னார். வெளியிட்ட கம்பெனி தன் தரப்பைச் சொன்னது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் ஒரு விஷயம் புரிகிறது. நாற்பது கோடித் தடவை ஒலித்த பாட்டுக்கே, அதில் ஒரு பேர்பெற்ற சினிமா இசையமைப்பாளர் இருக்கும்போதே கணக்கு இப்படி என்றால், முத்தியால்பேட்டையில் மாடிமேல் கூரைக்கொட்டகையில் பாட்டுக் கட்டுகிற பையனுக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் சர்க்கரைத் தண்ணீர் கதை வருகிறது. 1847-இல் பாரீஸில், ஷான்செலிசே சாலையில் 'அம்பசாதேர்' என்று ஒரு பாட்டுக் காப்பிக்கடை. அங்கே ஒரு நாள் எர்னெஸ்த் பூர்ழே என்கிற பாட்டெழுத்தாளர் நண்பர்களான இரண்டு இசைக்காரர்களோடு போய் உட்கார்ந்தார். ஒரு கிளாஸ் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அன்றைக்கு மேடையில் பாடியது அவர்களுடைய பாட்டையே. பில் வந்ததும் பூர்ழே கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "நீ என் பாட்டுக்குக் கொடுக்கவில்லை, நான் உன் தண்ணீருக்குக் கொடுக்கவில்லை" என்கிற நியாயம். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. பாட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள். 1851-இல் 'சாசெம்' என்ற சங்கம் பிறந்தது. இன்றைக்கும் பிரான்சில் ஒரு முடிதிருத்தும் கடையில் ரேடியோ வைத்தால்கூட அந்தச் சங்கத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அது பாட்டு எழுதினவனுக்கும் மெட்டுப் போட்டவனுக்கும் போய்ச் சேரும். பிரான்சில் பென்ஷனோடு குடியிருந்து திரும்பிய நம் சொல்தா வீடுகளில் கேட்டுப் பாருங்கள், கடை வைத்திருந்தவர்கள் இந்தப் பில்லைப் பற்றிப் புலம்புவார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-இலிருந்து இருக்கிறது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவில் அதற்காகப் போராடினார். தியேட்டரில் படம் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் பாட்டு சம்பாதிப்பதில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு, அதைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கவும் முடியாது என்று திருத்தம் சொல்கிறது. நல்ல சட்டம். சட்டம் இருப்பது தெரியாதவனுக்கு அது எந்த அலமாரியில் இருந்தால் என்ன!

நம் ஊருக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பையன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவனும் மூன்று சினேகிதர்களும் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அவன் அம்மாவுக்கு முழு விவரம் தெரியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கிற அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு கட்டியிருக்கிறான். எங்கள் வீட்டு வராந்தாவில் வாசித்துக் காட்டினான். கடைசியில் வருகிற இடம் கொஞ்சம் இழுவை. அதைச் சொல்லவும் சொன்னேன். ஆனால் வலையைக் காயப்போட்டுவிட்டு ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற பாட்டு சினிமாவில் வந்து நான் கேட்டதில்லை.

"எங்கேடா வாசிப்பீங்க?" என்றேன்.

"ரெஸ்டோ-பார்ல தாத்தா. சனி, ஞாயிறு."

"இந்தப் பாட்டையா?"

சிரித்தான். ஒரு இடத்தில் முதல் நாளே சொல்லிவிட்டார்களாம்: சினிமாப் பாட்டு, அதுவும் டூரிஸ்ட்டுகளுக்குத் தெரிந்த இந்திப் பாட்டு, அது மட்டும்தான் வேண்டும். நடுவில் ஒரு தடவை சொந்தப் பாட்டை நுழைத்ததற்கு அடுத்த வாரம் கூப்பிடவில்லை. பேசிய காசிலும் பாதிதான் வந்தது. கேட்டதற்கு, உங்களுக்கு இது விளம்பரம்தானே தம்பி என்றார்களாம். விளம்பரம் என்பது நம் ஊரில் இப்போது நாணயமாகிவிட்டது போலிருக்கிறது. மளிகைக் கடையில்தான் அதை வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் விற்பது பீர். பாட்டு அவருக்கு ஊறுகாய். ஊறுகாய் தெரிந்த ருசியில் இருந்தால்தான் பீர் போகும். என் கேள்வி வேறு. கடற்கரை, வெள்ளை ஊர், பிரெஞ்சுக் கலாசாரம் என்று உலகம் பூரா விளம்பரம் செய்கிற ஊரில், இருபது வயதுப் பையன் தன் பாட்டைப் பாட வேண்டுமென்றால் மதுக்கடையைத் தவிர ஒரு இடம்கூட இல்லையா?

வருஷத்தில் ஒரு நாள் இருக்கிறது. ஜூன் 21, ஃபெத் த லா முசீக். 1982-இல் பிரான்சின் கலாசார மந்திரி ழாக் லாங் ஆரம்பித்தது. கோடையின் மிக நீண்ட நாளில் யார் வேண்டுமானாலும் தெருவில் வந்து வாசிக்கலாம், கேட்பவர்கள் காசு கொடுக்க வேண்டாம். இங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் அந்தத் தேதியை ஒட்டி நடத்துகிறது. போயிருக்கிறேன், நன்றாக இருக்கும். ஒரு நாள் கூத்து என்று ஏளனமாகச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நாளில்தான் எங்கள் தெருப் பையன் முதல்முதலாக எதிரே ஆள் உட்கார்ந்து கேட்டதைப் பார்த்தான். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளைக்கு என்ன செய்வது?

இடமா இல்லை? காந்தி திடல் இருக்கிறது. கம்பன் கலையரங்கம் இருக்கிறது, மே மாதம் கம்பன் விழாவுக்கு எப்படி நிறைகிறது! 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரியைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்களே, அதன் முன்னால் கடலைப் பார்த்த இடம் ஒரு மாலை மேடைக்கென்றே அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆறிலிருந்து ஒன்பது வரை, மூன்று உள்ளூர்க் குழுக்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பாதிக்கு மேல் சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கியும் கரண்டும் ஊர்ச் செலவு, ஆளுக்கு ஒரு சின்னத் தொகை கையில். கடற்கரையில் ஒரு அலங்கார விளக்குக்கு ஆகிற செலவுகூட ஆகாது என்பது என் கணக்கு.

"சத்தம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்கிறேன், எனக்கும் பிரஷர் உண்டு. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி. குடியிருப்பில் பகலில் 55 டெசிபல். இதே விதியை அரசியல் கூட்டத்துக்கும் திருவிழாக் குழாய்க்கும் நாம் எவ்வளவு பக்தியாக அமல்படுத்துகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். விதியெல்லாம் கிட்டார் தூக்கிய பையனைக் கண்டால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டால் எந்த விதியும் குறுக்கே நிற்காது.

குறுக்கே நிற்பது காகிதம். அனுமதி என்று ஒரு மனு போட்டால் அது எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்று முப்பத்தைந்து வருஷம் அந்த மேஜைகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும். காவலுக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று. ஒவ்வொரு மேஜையும் மற்றது கையெழுத்துப் போடட்டும் என்று காத்திருக்கும். கல்யாண மண்டபக்காரருக்கு இதற்கென்று ஆள் உண்டு. சனிக்கிழமை மட்டும் லீவு கிடைக்கிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு விண்ணப்பம், ஒரு ஜன்னல், பதினைந்து நாளில் ஆம் அல்லது இல்லை. இதைச் செய்ய புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். வரைவு எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன்.

ரேடியோவையும் விடக்கூடாது. பிரான்சில் 1994-இல் ஒரு சட்டம் போட்டு, 1996-இலிருந்து ரேடியோவில் ஓடுகிற பாட்டில் நாற்பது சதவீதம் பிரெஞ்சில் இருக்க வேண்டும், அதில் பாதி புதியவர்களுடையதோ புதிதாக வந்ததோ ஆக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ரேடியோக்காரர்கள் கத்தினார்கள். ஆனால் பிரெஞ்சில் ராப் பாடிய புறநகர்ப் பையன்கள் தலை எடுத்தது அதற்குப் பிறகுதான். நம் புதுச்சேரி வானொலியில் நாற்பது சதவீதம் கேட்கவில்லை. வாரத்துக்கு அரை மணி நேரம், உள்ளூர்ப் பிள்ளைகள் சொந்தப் பாட்டு. சொற்சித்திரமும் கிராமிய நிகழ்ச்சியும் கேட்டு வளர்ந்த நாமே முதல் நேயர்களாக இருந்து கடிதம் போடலாமே.

இன்னொரு எதிர்ப்பும் வரும், அதுதான் கனமானது. "எல்லாம் சரி, நல்லாவா இருக்கு?" என்பீர்கள். எல்லாம் நன்றாக இருக்காது. காஸ்ட்லெஸ் கலெக்டிவிலேயே எனக்குச் சில பாட்டு கூட்டத்தில் கோஷம் போடுவது மாதிரி இருக்கிறது. இசைவாணி பாடினால் உட்கார்ந்து கேட்பேன். ஆண்கள் கோட்டை என்று இருந்த கானாவில் ஒரு பெண் நின்று பாடுவதற்கு எவ்வளவு தொண்டையும் எவ்வளவு துணிச்சலும் வேண்டும்! 2020-இல் பி.பி.சி. உலகத்தின் நூறு பெண்களில் ஒருவராக அவரைச் சேர்த்தது. அதே டிசம்பரில்தான் சபாக்கள் மார்கழி நடத்துகிற ஊரில் 'மார்கழியில் மக்களிசை' என்று எதிர்மார்கழி ஒன்றும் தொடங்கியது. ஒப்பாரியும் பறையும் கானாவும் ஹாலுக்குள் வந்தன. சபா கச்சேரியில் மட்டும் எல்லாமே நன்றாகவா இருக்கிறது? துக்கடாவுக்கு முன்னால் கான்டீனுக்கு எழுந்து போகிறோமே, அந்தப் பெருந்தன்மையை இந்தப் பிள்ளைகளுக்கும் காட்டலாம். எழுந்து போகலாம். ஆனால் முதலில் வந்து உட்கார வேண்டும்.

எங்கள் காலத்தை நினைத்துக்கொள்கிறேன். சொல்தா வீட்டு மாமாக்கள் லீவில் வரும்போது கொண்டுவருகிற ரிக்கார்டுகளில் ஜானி ஹாலிடே இருந்தார், பிரான்சுவாஸ் ஆர்தி இருந்தார். 1963 ஜூன் 22-ஆம் தேதி பாரீஸில் ஒரு சதுக்கத்தில் ஜானி ஹாலிடே பாட்டைக் கேட்க லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் கூடியபோது, பெரியவர்கள் காட்டுமிராண்டிகள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அந்தக் காட்டுமிராண்டிகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டு, முழங்கால் வலியோடு அதே ரிக்கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் அப்பா அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு தியாகராஜ பாகவதரைப் போடச் சொல்வார். அவருடைய அப்பாவுக்குப் பாகவதரே சினிமாக்காரர், கேட்கக்கூடாத ஆள்.

எங்கள் தெருப் பையனுக்கு மேடை வாங்கிக் கொடுக்க என்னால் ஆகாது. குமாஸ்தாவால் முடிந்ததைச் செய்தேன். நாலு பேரையும் வராந்தாவில் உட்காரவைத்து, பாட்டு பிறந்த அன்றே ஒரு தாள் எழுத வேண்டும் என்று சொன்னேன். வார்த்தை யாருடையது, மெட்டு யாருடையது, ஆளுக்கு எத்தனை பங்கு, தேதி, நாலு கையெழுத்து. பதிவு செய்தால்தான் காப்புரிமை என்பதில்லை, பாட்டு உண்டானதுமே உரிமையும் உண்டாகிவிடும். ஆனால் சண்டை வரும்போது தாள்தான் பேசும். ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் உறுப்பினராகச் சேர என்னென்ன கேட்கிறார்கள் என்று பார்த்து வைக்கச் சொன்னேன். ரெஸ்டோ-பாரில் பேசுகிற காசை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள் என்றேன். "அதுக்கெல்லாம் முறைச்சுப் பார்ப்பாங்க தாத்தா" என்றான் கிட்டார் பையன். "நான் வந்து கூட நிற்கவா?" என்றேன். நாலு பேரும் அவசரமாக வேண்டாம் என்றார்கள்.

தடைக்காலப் பாட்டுக்கான தாளை என் பழைய டைப்ரைட்டரில் நானே அடித்தேன், கார்பன் வைத்து நாலு நகல். வார்த்தை நாற்பது, மெட்டு நாற்பது என்று சுலபமாக முடிந்துவிட்டது. டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு எவ்வளவு என்பதில்தான் மூன்று வாரமாகக் கையெழுத்து நிற்கிறது.